கண்மாய்க் கரையில் துண்டு வீசிய மாயழகு

மாயழகு போய்விட்டார். இன்று விடியக்காலம் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

கொட்டாம்பட்டி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தாரே, அவர்தான். உங்களில் பாதிப் பேர் வீட்டுக் கிணற்று மோட்டார் அவர் கைபட்டதுதான்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நான் பேசப் பேச போன் எழுதுகிறது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கண்மாய் ஒருமுறை உடைந்தது. வெள்ளைக்காரன் காலம், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம், மண்ணெண்ணெய்கூட அளந்துதான் கொடுப்பார்களாம்... நான் அப்போது பிறக்கவில்லை.

ஆனாலும் அந்தக் கதையை முப்பது வருஷமாகத் திருவிழா மேடையில் சொல்லி வந்தவன் நான்தான். கண்மாய்க்குக் காவல் இருந்தவர் மாயழகுவின் தாத்தா. அவர் குடித்துவிட்டுத் தூங்கினார், கரை உடைந்தது, கதிர் பிடித்த வயலெல்லாம் போனது.

அந்தக் குறட்டையை மைக்கில் விட்டுக் காட்டுவேன். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

கோடையில் கண்மாய் வற்றியதும் ஊரே இறங்கி மீன் பிடிப்போம். கரையில் நின்று ஒருத்தர் வெள்ளைத் துண்டை வீசினால்தான் மற்றவர்கள் தண்ணீரில் கால் வைக்கலாம்.

அந்தத் துண்டு வீசும் உரிமை முதலில் காவல்காரர் வீட்டுக்குத்தான் இருந்தது. உடைப்புக்குப் பிறகு ஊர் அதைப் பிடுங்கி வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டது... எங்கள் வீட்டுக்கு. அதிகமாக வயல் இழந்தது நாங்கள்தான் என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் பரவையிலிருந்து கிரேஸ் டீச்சர் வந்தார்கள், மிஷன் ஸ்கூலில் இருந்து ரிட்டையர் ஆனவர்கள். சமுதாயக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கதை சொல்லும் ஒர்க்‌ஷாப், கடைசியில் லைவ் ஷோ. ஊர்க் கதையை ஊர்க்காரர்களே சொல்ல வேண்டும்.

டீச்சர் போட்ட ஒரே ரூல்... கதை நடந்த இடத்தில் நின்றுதான் ஷோவில் அதைச் சொல்ல வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது, மேடை இல்லாமல் என்ன கதை?

முதல் ஞாயிறே குறட்டையை எடுத்துவிட்டேன். டீ குடிக்கும்போது மாயழகு பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, அது எங்க தாத்தாண்ணே."

தெரியும் தம்பி, ஊர் சொல்வதைத்தானே நானும் சொல்கிறேன் என்றேன். எங்கள் வீட்டில் சொல்வது வேறு, ஷோவில் அதை நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

"சொல்லு. ஆனா கம்பி சுத்துறவன் கதைய எம்புட்டு நேரம் கேப்பாக?"

"ஒங்க கதையவே முப்பது வருசமாக் கேட்டாகள்ல."

எனக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம் கடைக்கு யார் மோட்டார் கொண்டுவந்தாலும் மாயழகு உட்கார வைத்துக் கதை சொல்லிப் பழகுவார்... என் மோட்டார் நாலு நாள் அங்கே கிடந்தது, என் தோட்டத்துக் கத்தரிச் செடி வாடியது. அந்தக் கத்தரி மேலூர்ச் சந்தையில் நல்ல பேர் எடுத்த ரகம், அது வேறு கதை.

ஷோ அன்று சாயங்காலம் ஊரே கரைக்கு வந்துவிட்டது. மாயழகு எல்லோரையும் கரையின் மேற்குக் கடைசிக்கு, பழைய உடைப்பை அடைத்த இடத்துக்குக் கூட்டிப்போனார்.

புது வேட்டி... ஆரம்பமே மறந்துவிட்டது. மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா கேட்டார்.

"கம்மா நெறஞ்சா தண்ணி எங்கன முட்டும்?"

நடுக்கரையில் என்றது கூட்டம். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றார், ஊர் என்றார்கள்.

"இந்த எடம்?"

இது மேடு, இங்கே எங்கே முட்டப் போகிறது என்றார்கள். எல்லோரும் விவசாயிகள், இதையா சொல்லிக்கொடுக்க வேண்டும்?

"அப்ப ஒடப்பு ஏன் இங்கன இருக்கு?"

முப்பது வருஷம் கதை சொன்ன நான் அந்த அடைப்பின் மேல்தான் தினமும் ஆடு பத்திப் போயிருக்கிறேன்... ஒருநாளும் இதை யோசித்ததில்லை.

எங்கள் ஊரிலேயே மூத்தவர் தவசி ஐயா. கம்பை ஊன்றிக் குனிந்து கரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"வெட்டாம இங்கன ஒடையாதுடா. மேத்தண்ணிய எறக்கிவிட்டு ஊரக் காப்பாத்தியிருக்கான் இவன் தாத்தன்."

மாயழகு தலையை மட்டும் ஆட்டினார். தாத்தா அன்றைக்கே அதைத்தான் சொன்னாராம், வயல் போன ஆத்திரத்தில் யாரும் காதில் வாங்கவில்லையாம்... முக்கியமாக எங்கள் தாத்தா.

பெண்கள் குலவை போட ஆரம்பித்தார்கள் பாருங்கள், அக்கரை வரைக்கும் கேட்டது. அடுத்து நீங்கள் என்று டீச்சர் என்னிடம் மைக்கை நீட்டினார்கள். இன்றைக்கு ஒரே கதை போதும் டீச்சர் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த கோடையில் மீன்பிடி. துண்டை நானே கொண்டுபோய் மாயழகு கையில் கொடுத்தேன்.

"அண்ணே, எனக்கு வீசத் தெரியாதேண்ணே."

"எனக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தா? தலைக்கு மேல தூக்கி வீசு."

வீசினார். ஊரே வலையோடும் கூடையோடும் இறங்கி, இடுப்பளவு சேற்றில் கெண்டையும் விராலும் துள்ளி, முதல் கூடை நிறைந்து கரையேறியும் விட்டது... மாயழகு இன்னும் வீசிக்கொண்டிருந்தார்.

போதும்டா, மீனெல்லாம் பயந்து ஓடப்போகிறது என்று தவசி ஐயா கீழேயிருந்து சத்தம் போட்டார். மாயழகு நிறுத்தவில்லை, யாரும் போய் நிறுத்தவும் இல்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். சுடுகாட்டுக்கு ரோடு வழி பக்கம்தான், ஆனாலும் கரை வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது.

நான் முன்னால் நடக்கிறேன் தம்பி. நீ நிதானமா வா.