ஜவாத் நானாவின் வருடக் கடைசிப் பாட்டுகள்

செய்தி வந்தபோது நான் சம்மாந்துறையில் எங்கள் வயலில் பசளை எறிந்துகொண்டிருந்தேன். வரம்பில் கழற்றிவைத்த சட்டைக்குள் தொலைபேசி கிடந்தது. தேநீர் குடிக்க ஏறிவந்து எடுத்துப் பார்த்தால், வட்ஸ்அப் குழுவில் ஜனாஸா அறிவித்தல். கல்முனைக்குடி, தாதி உத்தியோகத்தர் ஜவாத். முதல்நாள் மாலைதான், "நாளைக்கி வயலா? போ, போ. வயல்காரப் போடியாருக்கு இனி எங்களயெல்லாம் கண்ணுக்குத் தெரியாது" என்று என்னைக் கிண்டல் செய்து அனுப்பிய மனிதர். அதிகாலை சுபஹு தொழுதுவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறதென்று உட்கார்ந்தவர் எழும்பவில்லையாம். சேற்றுக் காலோடு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தோம்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவருடைய முகநூலில் இருந்த வருடக் கடைசிப் பதிவுகள் எங்கே என்று பலர் கேட்கிறீர்கள். மனைவிதான் அழித்துவிட்டார் என்று சிலர் கோபமாக எழுதியிருப்பதையும் கண்டேன். அழித்த விரல் என்னுடையது. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அந்த வீட்டுக்கு அநியாயம் செய்தவனாவேன்.

ஆஸ்பத்திரியின் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் அங்கே வந்து இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டு மணிக்கணக்கில் படுத்திருப்பார்கள். ஊசி ஏற்றுவதற்கு முன் ஜவாத் நானா, "இண்டைக்கி என்ன போட?" என்று கேட்பார். மருந்தைப் பற்றிய கேள்வியல்ல, பாட்டைப் பற்றியது. ஒரு கடற்றொழிலாளி எப்போதும் கோயில் பாட்டுத்தான் கேட்பார். தலையில் தொப்பியோடு நானா அதைத் தேடி எடுத்து அவர் தலைமாட்டில் வைப்பார். பக்கத்துக் கட்டிலில் மார்க்கம் படித்த ஒரு ஹஸ்ரத். முதல் நாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குக் காதுக்குள் நபி புகழ் பாடும் கஸீதா போட்டுவிட்டார் நானா. சில வாரம் போனபின் அந்த ஹஸ்ரத்தே, "அந்த மனிசனுக்குக் காது மந்தம். பாட்டக் கொஞ்சம் சத்தமா வைங்க" என்றார்.

இந்தக் கேள்வி எதற்கு, நேரம்தான் போகிறது என்று நான் ஒருமுறை முணுமுணுத்தேன். "கேட்டா அவரு மனிசன். கேக்காட்டி அது ஊசி குத்துற வெறும் கைதான்" என்றார்.

டிசம்பர் கடைசி நாளில் ஊரே முகநூலில் சுற்றுலாப் படமும் கலியாணப் படமும் போடும்போது, ஜவாத் நானா தான் அந்த வருடம் விரும்பிக் கேட்ட பாட்டுகளை எழுதுவார். ஒன்றுகூட அவருடைய சொந்தத் தெரிவல்ல. எல்லாம் நோயாளிகள் கேட்டவை. பேர் போடாமல், நற்பிட்டிமுனை அக்கா கேட்டது, மீன்காரத் தம்பி கேட்டது என்று எழுதி, கேட்டவர் மௌத்தாகி மண்ணுக்குப் போயிருந்தால் அதையும் சொல்வார். முடிவில் எப்போதும் ஒரே வரி: "இந்த வருடமும் என் வேலையில் வெட்கப்பட ஒன்றும் இல்லையென்று நினைக்கிறேன். இருந்தால் சொல்லுங்கள்."

சொன்னார்கள். வேலையைப் பற்றியல்ல. தாடி வைத்துக்கொண்டு பாட்டுப் போடுகிறாயே என்றார்கள். நீ மண்ணுக்குள் போனபிறகும் யாராவது கேட்கக் கேட்க அந்தப் பாவம் உன் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நானா சிரித்தார். "என்ட கபுற நினைச்சி அவனாச்சும் கவலைப்படுறானே" என்றார். கைகழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு, "எனக்குப் பயமில்ல என்டு நினைக்கியா?" என்றும் கேட்டார். நான் துவாலையை எடுத்து நீட்டினேன்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் நானாவின் மனைவி, எனக்கு மதினி, கூப்பிட்டனுப்பினார். கணவனை இழந்தவர்கள் பிற ஆண்களைக் காணாமல் இருக்கும் இத்தாவில் அவர் இருந்ததால் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து கதைத்தார். "தம்பி, அவருட பாட்டெல்லாம் அழிச்சித் தாங்க. மகள்ட சொன்னன். மாட்டாவாம், அழுறா. இந்த வருசக் கடைசில ஆராச்சும் அதத் தோண்டி எடுத்துப் போட்டா, அவருக்குத்தானே அங்க கஷ்டம்" என்றார். நான் வாதாடவில்லை. கணவனின் கபுறை நினைத்துத் தூக்கம் கெட்ட ஒரு பெண்ணிடம் முகநூல் நியாயம் பேச எனக்கு வாய் வரவில்லை.

மகள் நானாவின் தொலைபேசியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். "அழிக்க முதல் ஒருக்கா சத்தமா வாசிங்க" என்றார் மதினி. வாசித்தேன், அழித்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று அது கேட்கும்போதெல்லாம் ஓம் என்று அழுத்தினேன். நான் அந்தப் பிரிவுக்கு வருவதற்கு முந்திய வருடப் பதிவொன்றில் இப்படி இருந்தது: "என் மாமனார் கடைசியாகக் கேட்டது இந்தப் பாட்டு. வீட்டில் ரேடியோவைத் தொடவிடாத மனிதர், என் கையைப் பிடித்து, மகளிடம் சொல்லாதே என்றார்." அதற்குக் கீழே பாட்டின் பேர்; அதையும் வாசித்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து, "எங்கட வாப்பாவா? பாட்டா கேட்டாரு?" என்றார். ஓம் என்றேன். நெடுநேரம் அழுதார். வேண்டுமானால் இதை மட்டும் வைத்துவிடுவோமா என்று கேட்டேன்.

"வேணா தம்பி. அதையும் அழிங்க. ரெண்டு பேருட கபுறும் லேசாகட்டும்."

அழித்தேன். சரி செய்தேனா என்று தெரியாது. நாலு நாள் கழித்து மதினி தொலைபேசியில் வந்தார். "வாப்பா கேட்ட அந்தப் பாட்டு எது தம்பி? நான் கேக்கப் போறல்ல. பேரு தெரிஞ்சாப் போதும். நிலா என்டு ஒரு சொல்லு வந்திச்சி."

எனக்கும் அந்த ஒரு சொல்தான் நினைவில் இருந்தது. நம்முடைய பழைய பாட்டுகளில் பாதிக்கு மேல் நிலா வருகிறது. கேட்டுப் பார்க்க மாமனாரும் இல்லை, மருமகனும் இல்லை. நான் கண்கலங்கிப்போய்ப் பாட்டின் பேரைக் கவனிக்காமல் அழித்திருக்கிறேன். தெரியாது மதினி என்றேன். "பரவால்ல தம்பி" என்றார். அந்தப் பரவாயில்லையை என்னால் தாங்க முடியவில்லை.

ஜவாத் நானாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியை மட்டும்தான். இந்த டிசம்பர் முடிவில் நான் எதையும் எழுதிப் போடப்போவதில்லை. அவரளவு தைரியம் எனக்கில்லை. ஆனால் ஊசியை எடுப்பதற்கு முன் என்ன போட என்று கேட்கிறேன். பாட்டு முடிந்ததும் வெளியே போய், வாங்குப் பலகையில் காத்திருக்கும் மகளிடமோ மனைவியிடமோ அதன் பேரைச் சொல்லிவிட்டு வருகிறேன்.