மங்களத்துக்காகக் காத்திருந்த ஜாஸ்

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் திருநெல்வேலியில் ஜாஸ் கச்சேரி நடந்தது. அச்சுப்பிழை இல்லை. ஜாஸ்தான்!

எல்லாம் என் சிநேகிதன் சங்கரசுப்பு செய்த வேலை. தச்சநல்லூர்க்காரன். உத்தியோகத்துக்காகக் கல்கத்தா போனவன், அங்கே ஜாஸ் கேட்டுக் கிறங்கிப்போய், பெட்டி நிறைய கேசட்டோடு ஊர் திரும்பினான். அவன் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் சாக்ஸபோன் வரும். "ஒரு தடவ நேர்ல கேட்டாம்னா நம்ம ஊருக்காரன் விடமாட்டாம்லே" என்பான். நானும் தலையாட்டி வைப்பேன். அது எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று எனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை.

மாசம் ஒரு கச்சேரி நடத்த ஹால் வேண்டும் என்று சபா செக்ரட்டரியிடம் போய் நின்றோம். அவர் பாத்திரக்கடை அண்ணாச்சி. நெற்றியைத் தேய்த்தபடி யோசித்தார்.

"ஒரே ஒரு தடவ தாரேன். சனம் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா மாசாமாசம் எடுத்துக்கிடும். பாதியில எந்திரிச்சுப் போச்சுன்னா, பிறவு இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. என்ன வே?"

அன்றோடு சங்கரசுப்புவுக்குத் தூக்கம் போச்சு.

மெட்ராஸிலிருந்து நாலு பேர் வந்தார்கள். சாக்ஸபோன், கீபோர்டு, டிரம்ஸ்... அப்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு பிடில்! நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டுமாம். அதைப் பார்க்கவே ஹால் நிரம்பிவிட்டது. முக்கூடலிலிருந்துகூட பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.

முதலில் சங்கரசுப்பு ஜாஸ் பிறந்த கதையைச் சொன்னான். நியூ ஆர்லியன்ஸ் என்ற ஆற்றங்கரை ஊர், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட கறுப்பு மக்கள், அவர்கள் பட்ட பாடு, அதிலிருந்து வந்த பாட்டு என்று உருகி உருகிப் பேசினான். பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி: "அந்த ஆத்துல இப்பம் தண்ணி கெடக்கா?" கிடக்கிறது என்றான். கூட்டத்துக்குப் பரம திருப்தி.

கச்சேரி ஆரம்பித்தது. பாதிப் பாட்டில் சாக்ஸபோன்காரர் மேடை ஓரமாகப் போய் நின்றுகொண்டார். டிரம்ஸ்காரர் தனியாக வெளுத்து வாங்குகிறார். "என்ன வே, அவருக்குக் கோவமா?" என்று அண்ணாச்சி என் காதைக் கடித்தார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? சபா ஆள் ஒருவர் சோடாவோடு ஓடி அவரைச் சமாதானப்படுத்தினார். அவரும் குடித்துவிட்டு வந்து மறுபடி ஊதினார். சமாதானம் ஆகிவிட்டதே என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒருவழியாகக் கடைசிப் பாட்டும் முடிந்தது. நாலு பேரும் குனிந்து கும்பிட்டார்கள். நல்ல கைதட்டல். அப்புறம்...

ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை!

சங்கரசுப்பு கண்ணில் தண்ணீர். "பாத்தியாலே... பாத்தியாலே..." என்று என் கையைப் போட்டுப் பிசைகிறான். மேடைக்காரர்களுக்கும் பூரிப்பு. இன்னொன்று வாசித்தார்கள். கைதட்டல். கூட்டம் அசையவில்லை. இன்னொன்று. டிரம்ஸ்காரர் சட்டை தொப்பலாகிவிட்டது. ரயிலைப் பிடிக்க வேண்டும் வேறு.

பக்கத்திலிருந்த அண்ணாச்சியிடம் குனிந்தேன். "அவ்வளவு பிடிச்சுப்போச்சா அண்ணாச்சி?"

"பிடிக்கதாவது! பசி வயித்தக் கிள்ளுது. மங்களம் பாடாம எப்படி வே எந்திரிக்க? வீட்ல மவளுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம்லா, அபசகுனமாயிராதா?"

அட ராமா! எங்கள் சபாவில் பாதியில் போக நினைக்கிறவன்கூட, முடிவு நெருங்கிவிட்டால் மங்களம் கேட்டுவிட்டுத்தான் போவான். இந்த ஜாஸில் எது பாதி, எது முடிவு என்று யார் கண்டது? இதோ வரும், இதோ வரும் என்று ஹால் முழுக்க உட்கார்ந்திருக்கிறது.

சங்கரசுப்புவிடம் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் அந்த நாலு பேர் கதி என்ன? முன்வரிசையில் அவன் மனைவி கோமதி மதினி இருந்தார். அவருக்கும் ஜாஸுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் நன்றாகப் பாடுவார். போய் விஷயத்தைச் சொன்னேன்.

"இத்தன வருசமா இவுக ஜாஸ நான் கேட்டேன்லா, இன்னைக்கு என் பாட்ட இவுக கேக்கட்டும்" என்று எழுந்து, நின்ற இடத்திலேயே மங்களத்தை எடுத்தார்.

கூட்டம் பெருமூச்சோடு எழுந்து செருப்பைத் தேடியது. அந்த நேரம் பார்த்தா சாக்ஸபோன்காரருக்கு உற்சாகம் வரவேண்டும்? மதினியின் இரண்டாவது வரியை அப்படியே பிடித்துக்கொண்டார். பெரிய பிடில் சேர்ந்தது, டிரம்ஸ் சேர்ந்தது. மங்களம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வருகிறது... முடிகிற மாதிரி வந்து, முடியாமல் மறுபடி கிளம்புகிறது. மதினியும் விடவில்லை. சிரித்துக்கொண்டே மேலும் மேலும் எடுத்துக் கொடுக்கிறார்! எழுந்தவர்கள் ஒவ்வொருவராகப் பைய உட்கார்ந்தார்கள். மங்களம் முடியாமல் எப்படிப் போவது?

"மங்களத்தையுமா முடிக்க மாட்டேங்கானுவ!" என்றார் அண்ணாச்சி. ஆனால் அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது. பசியிலா, தாளத்திலா? அதுவும் புரியவில்லை.

முடிந்ததும் சங்கரசுப்பு அண்ணாச்சி முன்னால் போய் நின்றான். அண்ணாச்சி தீர்ப்பு சொன்னார்.

"சனம் கடைசி வரைக்கும் இருந்துச்சு. நான் பேச்சு மாற மாட்டேன். மாசாமாசம் எடுத்துக்கிடும். ஆனா, மங்களத்த முதல்லயே பாடிரணும். பிறவு அவனுவ எம்புட்டு வேணும்னாலும் ஊதட்டும். போறவன் போவான், இருக்கவன் இருப்பான்."

ஊரே ஜாஸுக்கு மயங்கிவிட்டது என்று சங்கரசுப்பு தலைகால் தெரியாமல் திரிகிறான். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் இந்த வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் இருக்க வேண்டும், நெல்லையப்பா!

அடுத்த மாசம் தெரிந்துவிடும், யாருக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது என்று. அது இருக்கட்டும். சனிக்கிழமையிலிருந்து நானும் அந்த மங்களத்தை, முடிக்கத் தெரியாமல், குளிக்கும்போதெல்லாம் முனகிக்கொண்டிருக்கிறேன்.

மங்களம் பாடின பிறகு நான் எழுந்து போவேனா, மாட்டேனா? எனக்கே தெரியவில்லை!