கண்ணாடியின் முதுகைப் பார்க்காமல் வாங்காதீர்கள்: கரையான்சாவடி பழம்பொருள் கடை

இரண்டு வருடங்களுக்கு முன்பு இதே வலைப்பூவில் கரையான்சாவடியில் இருக்கும் ஒரு பழம்பொருள் கடையைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரு முழுப் பகல் போதாது, கை நிறைய அள்ளிக்கொண்டு வரலாம் என்றெல்லாம் புகழ்ந்திருந்தேன். உங்களில் பலர் போய் வந்ததாகச் சொன்னீர்கள். வாங்கியதைப் படம் எடுத்து அனுப்பியவர்களும் உண்டு. வழி எப்படி, விலை எப்படி என்று இன்னமும் கேட்கிறீர்கள் என்பதால் போன மாதம் ஒரு சனிக்கிழமை மறுபடியும் போய்வந்தேன். வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். ஆத்திரத்தில் மூன்று வாரம் கை ஓடவில்லை. ஆத்திரம் இன்னும் தீரவில்லை. தீர்ந்த பிறகு எழுதினால் பூசி மெழுகிவிடுவேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் வழி. கிண்டியில் காலை 9.10க்குப் பூந்தமல்லி பேருந்து கிடைத்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி. போரூர் வரை பரவாயில்லை. அதற்கப்புறம் ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி என்று மெட்ரோ தூண்களின் ஓரமாக ஊர்ந்து, போரூரில் இருந்து எட்டு கிலோமீட்டரைக் கடக்க நாற்பது நிமிடம் ஆனது. நிறுத்தம் எங்கே என்று நடத்துனருக்கே அன்று தெளிவில்லை. “கரையான்சாவடிலாம் முன்னாடி வா, எங்க நிக்கிறானோ அங்க குதிச்சிக்கோ” என்றார். 10.25க்குக் குதித்தேன். கடைக்கு முந்நூறு மீட்டர் திரும்பி நடந்தேன். தவறவிட்டுப் பூந்தமல்லி பேருந்து நிலையம் வரை போய்விட்டால் ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

கடை பெரிய சாலையை விட்டு உள்ளே ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பெயர் இருந்தாலும் இந்த முறை சொல்ல மாட்டேன். உள்ளே பக்கவாட்டில்தான் நுழைய முடியும். தையல் மெஷின் கால்கள், எடைக்கற்கள், பீங்கான் ஸ்விட்சுகள், கைப்பிடி உடைந்த கூஜா, தியேட்டர் நாற்காலி வரிசை ஒன்று, யார் வீட்டிலிருந்தோ பெயர்த்துக்கொண்டு வந்த நிலைப்படி. முழங்கையை மடக்கிக்கொண்டே நடக்க வேண்டும். போன முறை இந்தக் குப்பைதான் எனக்கு அழகாகத் தெரிந்தது. நடுவில் வைத்திருக்கும் கிராமபோன்களை மட்டும் நம்பாதீர்கள், அவை நேற்றுச் செய்து, பழையதாகத் தெரிவதற்காக இன்று கறுப்படித்தவை.

இந்த முறை புதிதாக ஒரு சுவர் முழுக்கக் கல்யாணப் படங்கள். கறுப்பு வெள்ளையில் யார் யாரோ பெண்ணும் மாப்பிள்ளையும் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு சட்டத்தின் மூலையிலும் 800 என்று ஸ்டிக்கர். இவர்களெல்லாம் யார் என்று கடைக்காரரைக் கேட்டேன். அறுபது வயது இருக்கும், காது ஓரத்தில் பென்சில் செருகியிருப்பார், மரியாதையாகத்தான் பேசுவார்.

“யாரா இருந்தா இன்னா மேடம்? ஓட்டல்காரங்க டஜன் கணக்குல தூக்கிகினு போறாங்க. செவுத்துல மாட்டிட்டா பாரம்பரிய ஓட்டல் ஆயிடுது.”

அடுத்தவர் அப்பா அம்மாவின் கல்யாணத்துக்குக் கீழே உட்கார்ந்து நாம் நெய் ரோஸ்ட் சாப்பிடுகிறோம். எரிச்சலாக இருந்தது. ஆனால் எரிச்சல் பட்டுக்கொண்டே நானும் சாமான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றரை அடி உயரமுள்ள, தேக்குச் சட்டம் போட்ட, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று பிடித்துப்போனது. இரண்டு வருடத்துக்கு முன்பு இங்கே வாங்கிய கண்ணாடிக்கு ஜோடியாக மாட்டலாம் என்று நினைத்தேன். 1,900 சொன்னார். சட்டத்தின் கீழ் ஓரத்தில், வலது பக்கம், விரல் நுனி அளவுக்கு ஒரு கருகல் இருந்தது. ஊதுபத்தியோ சிகரெட்டோ சுட்ட வடு. அதைக் காட்டி, சூடு பட்ட மரத்துக்கு இந்த விலையா என்று வாதாடி 1,700க்கு முடித்தேன். போனிலேயே பணம் அனுப்பினேன். செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, என் கையில் கொடுத்தார். பெருமையாக இருந்தது.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். பெயர் செல்வி என்று பிறகு தெரிந்தது. சென்னீர்குப்பத்தில் ஜாக்கெட் தைப்பவர், ஐம்பது ஐம்பத்திரண்டு வயது. கழுத்தில் இஞ்ச் டேப்பைக் கழற்றாமலே ஓடி வந்திருந்தார்.

“அண்ணாத்தே, போன வாரம் சென்னீர்குப்பத்துல ஊடு இடிச்சாங்கோல்ல? எங்க தம்பி ஊடு. கதவு, ஜன்னலு, போட்டோ எல்லாம் உன் ஆளுதான் அள்ளிகினு வந்தானாம். எங்கம்மா போட்டோ ஒண்ணு அதுல கீது. அத மட்டும் குட்த்துரு.”

“போட்டோலாம் வரலமா. வெறும் சட்டம்தான் வந்துச்சு.”

“சட்டத்தோடதான் கீது. கீழ ஒரு சூடு கீது. ஊதுபத்தி ஏத்தசொல்ல நான் சுட்டுட்டது. அதுக்கு எங்க சின்னம்மாகிட்ட அடி வாங்கினேன். அது எங்கம்மா உசுரோட இருக்கசொல்ல எடுத்துகினது இல்ல. செத்த அன்னிக்கி சேர்ல ஒக்கார வச்சி எடுத்தது. அது ஒண்ணுதான் எங்கம்மாவுக்கு.”

இந்தப் பழக்கம் தெரியாதவர்களுக்கு: உயிரோடு இருக்கும்போது ஸ்டுடியோவுக்குப் போக வாய்க்காதவர்களை, இறந்த அன்று மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து, குடும்பம் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பல வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருப்பது அந்தப் படம்தான்.

சூடு என்று அவர் சொன்ன நொடியிலேயே என் கையில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் குனிந்து ஒவ்வொரு சட்டமாகத் திருப்பித் திருப்பித் தேடினார், நான் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போட்டோ எப்படியும் இதில் இல்லை, சட்டத்தை மட்டும் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று மனசுக்குள் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். ஐந்து நிமிடம் இருக்கும். கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் இதை எழுதியாக வேண்டும்.

பிறகு சணலை அவிழ்த்து, “அக்கா, இதுவா பாருங்க” என்று நீட்டினேன்.

வடுவைத் தொட்டுப் பார்த்தார். “இதான். ஆனா கண்ணாடியா கீதே?” என்றவர் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். “எங்கம்மா எங்க?”

கடைக்காரர் கொஞ்சமும் பதறவில்லை. “சாவு போட்டோதானே? அப்ப பின்னாடிதான் இருக்கும்” என்று குறடு எடுத்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். பிடுங்கிக்கொண்டே எனக்கு விளக்கினார். கல்யாணப் படம் வந்தால் சுவருக்குப் போகும். சாவுப் படத்தை யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் அந்தக் காலத்து ஸ்டுடியோ அட்டை கெட்டி, ஈரத்துக்கு ஊதாது. அதனால் சட்டத்தில் ரசக் கண்ணாடியைப் பொருத்தி, படத்தையே முதுகு அட்டையாக வைத்து, மேலே பழுப்புக் காகிதம் ஒட்டிவிடுவார்களாம்.

“குப்பைலயா போட்டேன்? பத்திரமா உள்ளதானே வச்சிக்கீறேன்” என்றார்.

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. என்ன பத்திரம்? ஒரு மனுஷியின் ஒரே படத்தை முகத்தைத் திருப்பிக் கண்ணாடிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அதைப் பத்திரம் என்கிறார். “உங்க வீட்டுப் போட்டோவா இருந்தா வைப்பீங்களா அண்ணா?” என்று சத்தம் போட்டேன். அவர் காகிதத்தைக் கிழித்தார்.

படம் வந்தது. நாற்காலியில் ஓர் இளம்பெண், மாலை, நெற்றியில் பெரிய ஒற்றை ரூபாய்க் காசு, கண் மூடியிருந்தது. செல்வி முகத்தைப் பார்க்கவே இல்லை. வலது ஓரத்தை விரலால் தடவினார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் ஓரத்தைத் தடவினார்.

“என் கையி எங்க?”

கடைக்காரருக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

“அம்மா முந்தானைய நான் புட்ச்சிகினு நிப்பேன். மூணு வயசு. வரமாட்டேன்னு அழுதேன்னு என்னை அந்தாண்ட இஸ்துட்டாங்க, கை மட்டும் போட்டோல வுழுந்துச்சி. எங்கம்மாகூட நான் இருந்ததுக்கு அது ஒண்ணுதான் கீது. அந்தக் கையி எங்க?”

சட்டத்துக்குள் புதிதாக உள்சட்டம் வைத்துத்தான் கண்ணாடியைப் பொருத்துவார்கள். அதில் அடங்குவதற்காக அட்டையை நாலு பக்கமும் நறுக்கியிருந்தார்கள். முந்தானை மட்டும் யாரோ இழுப்பது போல ஓரம் வரை போய், அங்கே நின்றுவிட்டிருந்தது. நறுக்கிய துண்டுகள் எங்கே என்று நான் கத்தினேன். மூலையில் இருந்த சாக்கைக் கொட்டித் தேடினோம். மரத்தூளும் வேறு யார் யாருடைய படங்களின் ஓரங்களும்தான் இருந்தன. செவ்வாய்க்கிழமையே ஒரு சாக்கு குப்பை வண்டிக்குப் போய்விட்டது என்றார் கடைக்காரர்.

“மொகம் நல்லாதானே கீது, விடும்மா” என்றார் கடைசியில். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்த இறக்கம் எனக்குப் போதவில்லை.

செல்வி சண்டை போடவில்லை. நான் போட்ட சண்டையையும் காதில் வாங்கவில்லை. சட்டத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டார். “கண்ணாடிய நீ எட்துக்கோம்மா, துட்டு குட்த்துக்கீறியே” என்றார். வேண்டாம் என்று கடையிலேயே போட்டுவிட்டு வந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. கடைக்காரரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்ற கேள்வியோடு 12.40க்குப் பேருந்து ஏறினேன். சூட்டைக் காட்டி இருநூறு ரூபாய் குறைத்தவள் நான்தானே.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் ஹாலுக்குப் போனேன். இரண்டு வருடமாகத் தினமும் பொட்டு வைத்துக்கொள்ளும் கண்ணாடியைக் கழற்றித் திருப்பிக் காகிதத்தைக் கிழித்தேன்.

பெரியவர் ஒருவர். மூக்கில் பஞ்சு, ரோஜா மாலை. அவர் சாய்ந்துவிடாமல் யாரோ பிடித்திருக்கிறார்கள். இடது தோளில் நான்கு விரல்கள், அதில் ஒன்றில் மோதிரம். மற்றபடி, பிடித்திருந்த அந்த ஆளை நறுக்கியாகிவிட்டது.

மறுநாளே கடைக்குப் போன் செய்து அந்தச் சட்டம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றார். அவருக்கு எப்படி இருக்கும்? வருகிற சட்டங்களுக்கு ஊரும் பெயரும் எழுதிவைக்கும் வழக்கமே அங்கே கிடையாது.

இனி ஆலோசனை. அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போங்கள், சனிக்கிழமை காலையில் கூட்டம் குறைவு, குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். சட்டம் போட்ட எதை வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே முதுகைப் பிரிக்கச் சொல்லுங்கள். வீடு இடிக்கப் போகிறவர்கள், ஆள் வருவதற்கு முதல் நாளே சுவரில் இருப்பதைக் கழற்றிவிடுங்கள். அக்கா தங்கைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள், ஒரு நிமிட வேலை.

என் பழைய பதிவை நீக்கிவிட்டேன். ஆனால் அதைப் படித்துவிட்டுப் போனவர்களில் ஒன்பது பேர் கண்ணாடி வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தேன். தயவு செய்து இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். உள்ளே யார் இருந்தாலும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், இங்கே போடுகிறேன். பெரியவரின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். அவர் முகம் அடையாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மோதிரத்தைப் பாருங்கள். அது உங்கள் அண்ணனின் கையாக இருக்கலாம், உங்கள் கையாகவே இருக்கலாம்.