பேர் தெரியாத காலேஜ்

சில வருடங்களுக்கு முன்னால், டெக்சாஸில் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் நாங்கள் இருக்கும் வீட்டில், ஒரு கோடை விடுமுறையில் ஆரம்பித்த கதை இது. என் மகள் காலேஜ் கடைசி வருடத்துக்குப் போகவிருந்தாள். டாக்டராகவும் வேண்டும், ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. இங்கே இரண்டையும் சேர்த்தே படிக்கலாம். ஏழெட்டு வருடம் ஆகும். ஆனால் ஃபீஸ் கிடையாது, கைச்செலவுக்கும் அவர்களே கொடுப்பார்கள். காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து சிறுநீரக நோய்க்கான ஒரு லேபிலேயே கிடந்தவள் அவள். தீபாவளிக்குக்கூட, எலிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மத்தியானத்துக்கு மேல்தான் வீட்டுக்கு வந்தாள். மார்க்கில் ஒரு குறை சொல்ல முடியாது.

குறை விசாவில் இருந்தது. என் கணவருக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்து ஈரோட்டிலிருந்து நாங்கள் வந்தபோது அவளுக்கு மூன்று வயது. கிரீன் கார்டு வரிசையில் நாங்கள் நின்றுகொண்டே இருக்க, அவளுக்கு இருபத்தோரு வயது முடிந்துவிட்டது. அதற்கு மேல் அப்பா அம்மாவோடு சேர்த்துப் பிள்ளைக்குக் கார்டு கிடைக்காது. அவளை வெளிநாட்டு மாணவி விசாவுக்கு மாற்றினோம். ஈரோடு எப்படி இருக்கும் என்றே ஞாபகம் இல்லாதவள், வெளிநாட்டு மாணவி!

பெரிய பேர் உள்ள இடங்களுக்கு எழுதிக் கேட்டாள். இந்தப் படிப்புக்கு அரசாங்கப் பணம் வருகிறது, சிட்டிசனோ கிரீன் கார்டோ வேண்டும் என்றுதான் பெரும்பாலும் பதில் வந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. யாரும் எட்டிப் பார்க்காத இடங்களைத் தேட ஆரம்பித்தாள். நாங்கள் மேப்பில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஊர்கள். வெப்சைட்டில் விவரம் இல்லாவிட்டால் போன் போட்டுக் கேட்பாள். "என்னைப் போல ஒருத்தரை நீங்க எடுத்திருக்கீங்களா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

கோயிலில் எங்களுக்குப் பழக்கமான ஒரு டாக்டர் உண்டு. அவர் பையன் இதே படிப்பைப் பெரிய இடத்தில் படிக்கிறான். பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, அப்ளை பண்ணினா டாப் ஸ்கூல்ஸுக்குத்தான் பண்ணணும். பேர் தெரியாத காலேஜ்ல படிச்சா நாளைக்கு யார் மதிப்பா?" என் மகள் சிரித்து வைத்தாள். காரில் ஏறியதும், "அங்கிளுக்கு நம்ம விசா கஷ்டம் நிஜமாவே தெரியாதும்மா, விட்டுடு" என்றாள்.

அப்படி அவள் தேடிப் பிடித்த ஒரு இடத்திலிருந்து குளிர்காலத்தில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். சுற்றிலும் சோளக்காடு, அதன் மேல் பனி. துணைக்கு நானும் போனேன். இன்டர்வியூ முடிந்ததும் அந்தப் படிப்புக்குத் தலைவரான வயதான புரொபசர், கோட்டுகூடப் போடாமல் எங்கள் கார் வரைக்கும் கூடவே வந்தார். உங்கள் மகளின் கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியவில்லை என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அங்கே இடம் கிடைத்துவிட்டது என்று போன் வந்தபோது நாங்கள் ஹூஸ்டனில் இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்டில் ஒரு மளிகைக் கடையில் இருந்தோம். வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். அந்த வாரமே அவளுக்குக் குளிர் கோட்டு வாங்கினோம். மற்ற இடங்களில் கூப்பிட்டிருந்த இன்டர்வியூக்களுக்கு, வரவில்லை என்று எழுதிவிட்டாள். நம்மைப் போல இன்னொருத்தருக்கு அந்த இடம் கிடைக்கட்டும் என்றாள்.

ஏப்ரலில் அதே புரொபசர் கூப்பிட்டார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று யுனிவர்சிட்டி ஒதுக்கியிருந்த பணத்தை நிறுத்திவிட்டார்களாம். டாக்டர் படிப்புக்கு மட்டும் வேண்டுமானால் சேரலாம், முழு ஃபீஸையும் கட்ட வேண்டும். வீட்டை விற்றாலும் எங்களால் கட்ட முடியாத தொகை. நான் சண்டை போட்டேன், தோற்றுவிட்டேன் என்று அவர் சொல்லும்போது குரல் உடைந்தது. என் மகள்தான் அவருக்கு ஆறுதல் சொன்னாள். நீங்களே கூப்பிட்டுச் சொன்னதற்கு நன்றி என்றாள். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால், "நாட் நவ், அம்மா" என்று மட்டும் சத்தம் வந்தது.

விஷயம் கோயில் வரைக்கும் போய்விட்டது. டாக்டர் என்னைப் பார்த்ததும், "நான் அப்பவே சொன்னேனே, பேர் தெரியாத இடம்னா இப்படித்தான்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உங்க பையன் ஹூஸ்டன்ல பொறந்தானுங்கண்ணா, என் பொண்ணு ஈரோட்டுல பொறந்தா. வித்தியாசம் அவ்வளவுதானுங்க. காலேஜ் மேல பழி போடாதீங்க" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை.

அடுத்த வருடம் அவள் டாக்டர் படிப்புக்கு எங்கேயும் மனுப் போடவில்லை. இப்போது வேறொரு மாநிலத்தில் ஆராய்ச்சிப் படிப்பு மட்டும் படிக்கிறாள். நன்றாகத்தான் செய்கிறாள் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குள் போய் நோயாளியைப் பார்க்கும் பேச்சை அவளும் எடுப்பதில்லை, நாங்களும் எடுப்பதில்லை.

போன வருடம் எனக்கும் என் கணவருக்கும் கிரீன் கார்டு வந்தது. அவளுக்குப் பிறகு இங்கேயே பிறந்த எங்கள் மகன் சிட்டிசன். வீட்டில் அவள் ஒருத்திதான் விசாவில் இருக்கிறாள். "கங்க்ராட்ஸ் அம்மா, ஃபைனலி!" என்று போனில் அவள்தான் சந்தோஷமாகச் சொன்னாள்.

உழைத்தால் இந்த நாட்டில் எதையும் அடையலாம் என்று விழாக்களில் யாராவது பேசும்போது எல்லோரும் கை தட்டுகிறார்கள், நான் தட்டுவதில்லை. எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் ஒன்று கைவிட்டுப் போகலாம் என்பதை என் மகள் மூலமாகத் தெரிந்துகொண்டேன், ஒரு தாயாக நான் தெரிந்துகொள்ள விரும்பாத பாடம் அது.