ஒரு பெருவிரலும் எங்கள் ஒழுங்கையும்

வேலிகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுத் தட்டு இன்னொரு வீட்டுக்குப் போனால் வெறுமையாகத் திரும்பாது. யேசு பிறந்த நத்தாருக்கு எங்கள் வீட்டுக் கேக் போகும். பொங்கலுக்கு முன்வீட்டுச் சைவக்காரரின் சர்க்கரைப் பொங்கல் வரும். நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மாமியின் வட்டிலப்பம். மாமியின் குடும்பம் முஸ்லிம்கள் என்பதால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டு, சண்டை முடிந்தபின் திரும்பி வந்தது. மூன்று வீட்டிலும் காசுக்குத் தட்டுப்பாடு. இனிப்புக்கு மட்டும் குறைவில்லை. தட்டுகளைக் கொண்டுபோவதும் வழியில் ஓரத்தைச் சுரண்டித் தின்பதும் என் வேலை.

அந்த வருடம் அப்பாவின் கால் பெருவிரலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. சீனி வருத்தம், நீரிழிவு, என்றார்கள் ஆஸ்பத்திரியில். சாப்பாட்டை மாற்றாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார்கள். அப்பா கடலுக்குப் போகிறவர். கால் பழுதானவரை யாரும் வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள் என்ற பயத்தில், சிப்பி வெட்டியது என்று சொல்லித் துணியைச் சுற்றிக்கொண்டு திரிந்தார்.

“வெளியிலை ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது” என்று எங்களுக்குக் கட்டளை. போன இடமெல்லாம் சீனி போட்ட தேத்தண்ணீரை மறுக்காமல் குடித்தார். மறுத்தால் காரணம் கேட்பார்களே.

அப்படியிருக்கப் பெருநாள் வந்தது. மாமி வேலிக்கு மேலால் வட்டிலப்பத் தட்டை நீட்டினார். அம்மா கை நீட்டவில்லை.

“வேண்டாம் ராத்தா. குறை நினையாதேங்கோ.”

“ஏன் தங்கச்சி?”

அப்பாவின் கட்டளைக்குப் பயந்து அம்மா அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். மாமி தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து வேலியோரத்தில் பேச்சு இல்லை. அவருடைய பிள்ளைகள் என்னோடு விளையாட வரவில்லை. முஸ்லிம் வீட்டுச் சாப்பாடு எங்களுக்கு ஆகாமல் போய்விட்டது என்று அந்த வீடு நினைத்தது. வேறெப்படி நினைக்கும்?

அம்மா பொறுத்துப் பார்த்தார். ஒரு பின்னேரம், அப்பாவைக் கேட்காமலே, அவித்த கடலையைத் தேங்காய்ச் சொட்டோடு தட்டில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனார்.

“ராத்தா, இவருக்குச் சீனி வருத்தம். விரலை எடுக்கவேணும் எண்டு சொல்லுறாங்கள். வட்டிலப்பம் வீட்டுக்கை வந்தால் மனுசன் விடாது.”

மாமி வாயில் கைவைத்தார். அடுத்த கணம் அம்மாவின் தோளில் ஓர் அடி போட்டார்.

“இதை வேலியடியிலை சொல்ல உனக்கு வாயில்லையோ? எங்கடை கை பட்டது ஆகாதெண்டு நினைச்சு நான் அழுத அழுகை!” பிறகு உள்ளே திரும்பித் தன் கணவரைக் கூப்பிட்டார்: “இஞ்சேருங்கோ, வெளியிலை வாங்கோ. உங்களுக்கு ஒரு கூட்டாளி கிடைச்சிருக்கிறார்.”

அந்த மாமாவுக்கும் அதே வருத்தம். அவரும் மறைத்துத்தான் வைத்திருந்தார்.

இருட்டுவதற்குள் ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அப்பா அம்மாவோடு கத்தினார். விடிந்ததும் முன்வீட்டு அக்கா முருங்கையிலையைத் தேங்காய்ப்பூ போட்டு வதக்கிய வறையோடு வந்து நின்றார்.

“அண்ணை, இனி எங்கடை வீட்டிலை உங்களுக்குச் சீனியில்லாத தேத்தண்ணிதான். கோவிக்கிறதெண்டால் இப்பவே கோவியுங்கோ.”

அப்பா கோபிக்க வாய் திறந்து, வறையைத் தின்றார். வள்ளத்துக்காரரும் வந்து, “காலை ஆத்திப்போட்டு வா. உன்ரை இடத்திலை ஒருத்தரும் குந்தாயினம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் தட்டுகள் முன்னிலும் வேகமாக ஓடின. மாமியிடமிருந்து அவித்த பயறு, முன்வீட்டிலிருந்து குரக்கன் மாவில் அவித்த பிட்டு, எங்களிடமிருந்து கீரைக்கடையல். யாருடையதை அப்பா நன்றாக இருக்கிறது என்றார் என்பதில் பெண்களுக்குள் போட்டி வேறு. நத்தாருக்குக்கூட அம்மா கடலைதான் அனுப்பினார். சுரண்டித் தின்ன ஒன்றுமில்லாத தட்டுகளைச் சுமந்தபடி, என்ன குற்றத்துக்காக ஒழுங்கையே கூடி என்னைத் தண்டிக்கிறது என்று யோசித்தேன்.

நத்தார் கழிந்து ஒருநாள் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். புண் ஆறிவிட்டது, விரல் தப்பியது. அவர் நேரே வீட்டுக்கு வரவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசற்படலையிலும் நின்று, செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கிக் காட்டினார்.

“பாருங்கோ, வடிவாய்ப் பாருங்கோ!”

“உதென்ன, மாதா கோயில் சுருவம் தேரிலை சுத்திவருதோ?” என்று முன்வீட்டு அக்கா கேட்க, மாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அம்மா எங்கள் படலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

நகம் கோணிய, மஞ்சள் மருந்து பூசிய ஒரு விரல். அதைப் பார்க்க ஏன் இத்தனை சனம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவின் சேட்டு நுனியைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தேன். அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அடுத்த படலைக்கு நடந்தார்.