அன்ரன் ஊருக்கு அனுப்பிய பாட்டு

1. கோட்டுப் படம்

பாட்டெழுதுவதை வேலை என்று சொன்னால் அந்த நாளில் பிரெஞ்சுத் தலைநகரில் தமிழர் கூடும் லா சப்பலில் சிரிப்பார்கள். நானும் கிழமை நாட்களில் துணிக்கடையில் பெட்டி தூக்கியவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரூ லூயி-பிளாங் தெருவில் பாட்டு நாடா விற்கும் ஒரு கசற் கடையின் பின்னறையில் கிற்றாரோடு இருந்து, கேட்டு வருகிறவர்களுக்குப் பாட்டு எழுதிப் பதிந்து கொடுப்பேன். என் பாணி கன்ட்ரி மியூசிக். அமெரிக்க மாட்டுக்காரர்களின் பாட்டை யாழ்ப்பாணத்து றேடியோவில் கேட்டுப் பிடித்த பைத்தியம் அது. கிற்றாரில் மூன்றே கோர்ட், மெதுவான தாளம், நடந்ததை நடந்தபடி சொல்லும் வரி. பொய் எழுதமாட்டேன் என்று வீம்பு வேறு. அந்த வீம்பால் ஒரு வீட்டைக் கெடுத்தேன். பாட்டெழுத வருகிற பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் அன்ரன் வந்தான். ரெஸ்ரோறன்ட் ஒன்றில் கோப்பை கழுவுகிறவன்.

"அண்ணை, அம்மாவுக்கு ஒரு பாட்டு வேணும். கடிதம் எழுதினால் பொய்தான் வருது."

"என்ன பொய்?"

"ஒஃபீசிலை வேலை எண்டு சொல்லியிருக்கிறன். கோட்டுப் போட்டுப் படமும் அனுப்பினனான். தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுகினம், அதுதான். ஆனா அம்மா ஒராளுக்காவது உண்மை தெரியட்டும்."

எனக்குக் கை பரபரத்தது. அப்படி ஒரு பாட்டுக்காகத்தான் பல வருடம் காத்திருந்தேன். அவனையே பாட வைத்தேன்.

கோப்பை கழுவுறன் அம்மா
கொதிதண்ணியிலை கை வெந்துபோச்சு
கோட்டுப் போட்ட படம் அம்மா
கூட்டாளியின்ரை கோட்டு அது

பாடி முடித்ததும் அன்ரன் அழுதான். நான் சந்தோஷப்பட்டேன். இன்றுவரை அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2. தேத்தண்ணி

கசற் ஊருக்குப் போன ஒருவரின் கையில் போனது. இரண்டு மாதம் கழித்து அன்ரன் தங்கையின் கடிதத்தோடு வந்தான்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று காலைதான் கசற் கிடைத்திருக்கிறது. தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் ரேப் ரெக்கோடர் இரவல் வாங்கி, தான் முதலில் கேட்டுப் பாராமலே வந்தவர்கள் முன்னால் போட்டிருக்கிறார். மேலே சுவரில் கோட்டுப் படம். மாப்பிள்ளையின் தகப்பன் கடைசி வரி வரை கேட்டாராம். பிறகு தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போய்விட்டாராம். சம்பந்தம் அதோடு முறிந்தது. பிறகும் அந்தத் தங்கைக்கு ஒரு சம்பந்தமும் சரிவரவில்லை.

வெளிநாட்டுக் கசற்றை ஊரில் யாரும் தனியாக இருந்து கேட்பதில்லை. அயலட்டைச் சனமே கூடிவிடும். இத்தனை கசற் பதிந்து அனுப்பிய எனக்கு அது தெரியாதா? பாட்டு நல்லாய் வருகிறது என்ற மயக்கத்தில் மறந்தேன்.

அன்ரன் என்னை ஏசவில்லை. "உங்களிலை பிழையில்லை அண்ணை. நல்ல பாட்டு. ஆனா உங்களிட்டை இருக்கிற கசற் கொப்பியை அழியுங்கோ. ஒஃபீசிலை வேலை, சுகமாயிருக்கிறன் எண்டு வேறையொண்டு எழுதித் தாங்கோ. அம்மா அதை மற்றச் சனத்துக்கும் போட்டுக் காட்டட்டும்."

அழித்தேன். எழுதினேன். அவன் சிரித்துக்கொண்டே பாடினான். அதற்குப் பிறகு நான் கன்ட்ரி எழுதவில்லை. கலியாண வாழ்த்தும் பிறந்தநாள் பாட்டும் எழுதிக் காலத்தை ஓட்டினேன்.

நான் படித்த பாடம் இதுதான். பாட்டு யாருக்கு என்று கேட்டால் போதாது, யார் யார் இருக்கும்போது போடுவார்கள் என்றும் கேளுங்கள்.

இரண்டாவது பாட்டுக்குத் தாயிடமிருந்து மறுமொழிக் கசற் வந்தது. அன்ரன் அதைக் கடையில் போட்டான். கொஞ்ச நேரம் கோழிச் சத்தம். பிறகு ஒரேயொரு கேள்வி.

"கை ஆறிட்டுதே மோனை?"