விடமாட்டேனுங்க

தொண்ணூற்றெட்டாம் வருடம், ஆடி மாதம். முருகனடியார்களே, அந்த மாதம் ஒரு ‘ங்க’ என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தது.

வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. நாற்பத்தோரு வயதில் எனக்குப் பீளமேட்டில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஜப்பான் கார்ட்டூன் ஒன்றுக்குத் தமிழில் குரல் கொடுக்க வேண்டும். நான்தான் கதாநாயகன். பன்னிரண்டு வயதுப் பையன். வாளை உருவிக்கொண்டு மேகத்துக்கு மேகம் தாவுவான். இத்தனை வருடம் அவன் என் அடுப்படியில்தான் ஒளிந்திருந்தான் போல. கூப்பிட்டதும் குரல் வந்தது. கூடவே எங்கள் ஊர் ‘ங்க’ என்கிற வாலும் வந்தது.

அரக்கனைப் பார்த்து “உன்னை விடமாட்டேன்டா!” என்று கத்த வேண்டும். நான் காங்கேயத்தில் பிறந்தவள். காளையைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிட்ட வாய்.

“விடமாட்டேன்டாங்க!” என்றேன்.

சென்னையிலிருந்து வந்திருந்த டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “ஏம்மா, உலகத்தையே அழிக்க வந்தவன்மா அவன். அவனுக்கு எதுக்கும்மா மரியாதை?”

“இல்லீங்க, இனி வராதுங்க.”

“இதோ, ரெண்டு வந்துடுச்சு!”

ஒலிப்பதிவு செய்யும் ரஹீம் பாய் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த வாரம் முழுக்க அதே வரி. நாக்கைக் கடித்துப் பார்த்தேன், மூச்சை வெட்டிப் பார்த்தேன். ராத்திரி வீட்டில் வீட்டுக்காரரை எதிரில் நிறுத்தி ‘டா’ போட்டுப் பழகினேன்.

“பழகிக்க அம்மணி. பக்கத்து ஊட்டுக்குக் கேக்காம பழகிக்க” என்றார் பாவம்.

அவருக்கும் ‘டாங்க’தான் கிடைத்தது.

வியாழக்கிழமை டைரக்டர் சொல்லிவிட்டார்: “நாளைக்கும் இப்படின்னா, திங்கட்கிழமை வேற ஆள்.”

வெள்ளி விடியலில் மருதமலை ஏறினேன். ஆடிக் காற்று சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தது. அதுவும் டைரக்டர் பக்கம்தான் போல. சன்னதியில் நான் கும்பிடவில்லை. சண்டை போட்டேன்.

“ஏனுங்க முருகா, மலையையே பொளந்தவருங்க நீங்க. ஒரு ‘ங்க’வைப் புடுங்கிப்போட முடியாதுங்களா? காதுல பஞ்சா வெச்சிருக்கறீங்க?”

திட்டும்போதும் அதே வால். எரிச்சலில் அழுதேன். அவர் வேலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

பத்து மணிக்குக் கூடத்துக்குள் நுழைந்தால், டைரக்டர் கையில் டெலிபோனோடு வெளிறிப்போய் நிற்கிறார். சேனல்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்: குழந்தைகள் பார்க்கிற படம், ஒரு ‘டா’கூட இருக்கக் கூடாது.

‘டா’வை எடுத்தோம். “விடமாட்டேன்” முடிந்த பிறகும் திரையில் பையன் வாயை ஒருமுறை திறந்து மூடினான். சத்தமில்லாமல், மீன் மாதிரி. டைரக்டர் ‘பார்’ போட்டார், ‘போ’ போட்டார். எதுவும் அந்த வாயில் உட்காரவில்லை. மதியமாகிவிட்டது.

பாய் தொண்டையைச் செருமினார். “ஏனுங்க சார், அந்த ஓட்டைக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி அம்மணிகிட்ட ஒண்ணு இருக்குதுங்களே.”

டைரக்டர் என்னையே பார்த்தார். “சரி, சொல்லித் தொலைங்க.”

“உன்னை விடமாட்டேனுங்க!”

வாய் திறந்தது: ‘ங்க’. மூடியது. ஒரு மயிரிழை பிசகவில்லை. பாய் மறுபடி ஓட்டிக் காட்டினார்.

“எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை கொறையாத பையன்” என்றார் டைரக்டர், தமக்குத்தாமே. “அதுதான் அவன் குணம்னு வெச்சுக்குவோம்.”

திங்கட்கிழமை எனக்குப் பதிலாக யாரும் வரவில்லை. தீபாவளி சமயம் படம் டிவியில் வந்தது; எங்கள் தெருப் பிள்ளைகள் “குத்திப்போடுவேனுங்க!” என்று குச்சி வாளோடு கட்டிப் புரண்டார்கள். அடுத்த வருடம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக இருபது விதமாகச் செத்துக் கொடுத்தேன். சாவுக் கூச்சலில் மட்டும் ‘ங்க’ வராது.

பிடுங்கச் சொன்னதை முருகன் பிடுங்கவில்லை. அது உட்கார ஓர் இடம் செய்து கொடுத்தார். அதை ஒரு வாரம் முன்னால் செய்திருந்தால் என் தொண்டை தப்பியிருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. உங்களுக்கும் ஏதாவது தீராத எரிச்சல் இருந்தால், வாயை மூடிக்கொண்டு கும்பிடாதீர்கள். போய்ச் சண்டை போடுங்கள். அவர் கேட்பார்.

நான் இப்போதும் வெள்ளிக்கிழமை மலை ஏறுகிறேன். திட்டுவதற்கு எப்போதும் ஏதாவது இருக்கிறது. இறங்கும் முன் மட்டும் ஒருமுறை திரும்பி நின்று, இருக்கிற மரியாதையையெல்லாம் சேர்த்துச் சொல்கிறேன்:

“போயிட்டு வாரேனுங்க.”